பூநகரியில் ஒரு பகல்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழ்வோருக்குப் பூநகரி என்றும் அக்கரையே. கடனீரேரியின் இக்கரையில் நின்று தெற்கே நோக்கினால், நீர்ப்பரப்புக்கு அப்பால் மெல்லிய கருங்கோடு போலத் தோன்றும் பனைநிரையே பூநகரியாகும். பெயரிலே பூவைச் சூடிய இவ்வூரைப் பெரும்பாலோர் மன்னாருக்கோ கொழும்புக்கோ செல்லும் வழியில், வாகனத்தின் யன்னலூடாகக் கண்டு கடந்துவிடுகின்றனர். இறங்கி நின்று பார்ப்போர் மிகச் சிலரே. பார்ப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது என்று வினவுவாரும் உளர். வானளாவிய கோபுரம் இல்லை, மலை இல்லை, அருவி இல்லை. வயலும், சிறு குளமும், பனையும், மணலும், ஓயாத காற்றுமே அங்குள்ளன. ஆயினும், இச்சிறிய பொருள்களுக்காகவே ஒருவர் அவ்வூருக்குச் சென்று வரலாம் என்பதை எடுத்துரைக்கவே இக்கட்டுரையை எழுதலானேன்.

எங்களுக்கு மக்கள் இருவர். மகள் மூன்றாண்டுகளுக்கு முன்னர் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றாள். மகன் இவ்வாண்டு மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றான். பிள்ளைகள் படித்து முன்னேற வேண்டும் என்று இருபது ஆண்டுகளாக வேண்டிய வேண்டுதல் நிறைவேறியது. நிறைவேறிய அன்று மாலையே வீடு அமைதியாகிவிட்டது. மூன்று சுண்டு அரிசி அளந்து பழகிய கை, ஒரு சுண்டோடு நின்றுவிட வேண்டியதாயிற்று. படலை திறக்கும் ஓசையும், துவிச்சக்கர வண்டியை மதிலிற் சாய்க்கும் ஓசையும், நள்ளிரவு வரை கதவின் கீழாகக் கசிந்த மேசைவிளக்கின் ஒளியும் இல்லாதொழிந்தன. நானும் என் கணவரும் உணவு மேசையில் எதிரெதிரே அமர்ந்து, கறியின் உப்பைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டோம்.

குஞ்சுகள் பறந்துபோன வெறுங்கூடு என்று மேலைநாட்டார் இந்நிலைக்கு ஒரு பெயரிட்டுள்ளனர். நம்மவரிடையே இதற்கெனத் தனிப்பெயர் ஒன்றிருந்ததாகத் தெரியவில்லை. பாட்டனும் பாட்டியும், மாமனும் மாமியும், பேரப்பிள்ளைகளும் ஒரே வளவிலே வாழ்ந்த காலத்தில், வீடு வெறுமையடைவதற்கு இடமேது? ஒருவர் போனால் மற்றொருவர் வந்து திண்ணையை நிறைப்பார். இன்றோ படிப்பும், வேலையும், போரும், புலம்பெயர்வும் சேர்ந்து, எங்கள் ஊர்களில் ஒழுங்கைக்கொரு வீட்டிலாவது இரு பெரியவர்களையும் ஒரு தொலைபேசியையும் மட்டும் விட்டுவைத்திருக்கின்றன.

இவ்வாறிருக்கும் நாளில், பாடசாலை விடுமுறையின்போது, "ஒருக்கால் பூநகரிப் பக்கம் போய்வருவமே?" என்று என் கணவர் கேட்டார். அவர் அவ்வூரைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் உண்டு. 2011ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் நான் அப்பகுதிப் பாடசாலையொன்றிலே கற்பித்தேன். என் மக்கள் அப்பொழுது சிறுவர். விடியுமுன் சோற்றைக் கட்டிக்கொடுத்துவிட்டு நான் பஸ் ஏறிவிடுவேன். மாலையில் இருவரும் படலையிலே காத்து நிற்பர். அன்று நான் போனேன், அவர்கள் காத்திருந்தார்கள். இன்று அவர்கள் போனார்கள், நாங்கள் காத்திருக்கின்றோம். முறை மாறியிருக்கின்றதேயன்றி வழக்கு ஒன்றே.

ஆவணி மாதத்து வெயில் ஏறுமுன் புறப்பட்டோம். செம்மணி வெளியைக் கடந்து, நாவற்குழியிலே கண்டி வீதியை விட்டு வலப்புறம் திரும்பினால், தனங்கிளப்பினூடாகப் பாதை தெற்கே செல்கின்றது. வீடுகள் குறைந்து, வெளி விரிந்து, வானம் பெரிதாகின்றது. இருமருங்கும் ஆழங்குறைந்த நீர். இடுப்பளவு நீரிலே தடிகளை ஊன்றி வலை கட்டி இறால் பிடிக்கும் தொழிலாளர், வரப்பிலே நடப்பவர்போலக் கடலிலே நடந்து செல்கின்றனர். வாடைக்காற்றுக் காலத்தில் இந்நீர்ப்பரப்பிலே பூநாரைகள் வந்து இறங்கும். ஆவணியில் அவை இல்லை. சோளகக் காற்று மட்டும் நீரைச் சுருக்கிச் சுருக்கி ஓட்டிக்கொண்டிருந்தது.

கேரதீவை அடைந்ததும் சங்குப்பிட்டிப் பாலம் தென்படும். முன்னாளில் இவ்விடத்தே பாலம் இல்லை. மக்களையும் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் 'பாதை' என்னும் மிதவையே கேரதீவையும் சங்குப்பிட்டியையும் இணைத்து வந்தது. போர்க்காலத்தில் அதுவும் நின்றுபோக, யாழ்ப்பாணத்திலிருந்து எதிரே தெரியும் ஊருக்குச் செல்ல ஆனையிறவையும் பரந்தனையும் சுற்ற வேண்டியதாயிற்று. 288 மீற்றர் நீளமுள்ள இப்பாலம் 2011ஆம் ஆண்டு தை மாதத்திலே திறக்கப்பட்டது. அவ்வாண்டிலேதான் நானும் இதன்மீது முதன்முதலாகச் சென்றேன். காலையில் இதனைக் கடக்கையில் மனம் பின்னோக்கிப் பிள்ளைகளிடம் ஓடும். மாலையில் கடக்கையில் அவர்களுக்கு முன்னதாகவே வீட்டை அடைந்துவிடும். பாலம் இல்லாதிருந்தால் அம்மாலைகள் எனக்குக் கிடைத்திரா. இதனை நான் அக்காலத்தில் எண்ணிப் பார்த்ததில்லை. பஸ்ஸில் இருக்கை கிடைத்ததா என்பதே அன்றைய எண்ணம். பாலத்தின் நடுவே வண்டியை நிறுத்தி, இருபுறத்து நீரையும் இந்த முறை ஆறுதலாகப் பார்த்தோம்.

பூநகரியின் நடுவிடமான வாடியடியிலே தேநீர் அருந்தினோம். பாலில்லாத தேநீரும், கடித்துக்கொள்ளப் பனங்கட்டியும். பல ஆண்டுகளாகப் பஸ்ஸுக்குக் காத்திருந்து அவசர அவசரமாக விழுங்கிய அதே தேநீரை, அன்று சூடாறும்வரை இருந்து குடித்தோம். அருகேயுள்ள கோட்டைக்கு நடந்தே சென்றோம். யாழ்ப்பாணக் கோட்டையின் பெருமிதம் இதற்கில்லை. போர்த்துக்கேயர் அமைத்து, ஒல்லாந்தர் விரிவாக்கிய சிறு சதுரக் கோட்டை. எதிரெதிர் மூலைகளில் இரண்டு கொத்தளங்கள். ஆங்கிலேயர் காலத்தில் இதன் உள்ளே பயணிகள் தங்கும் விடுதி அமைந்திருந்தது. படை வைத்துக் காத்தவர்கள் எல்லோரும் போய்விட்டனர். எஞ்சிய சுவரின் நிழலிலே இரண்டு ஆடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன.

இம்மண்ணின் வரலாறு கோட்டையோடு தொடங்குவதன்று. பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் இப்பகுதியிலே அலைந்து ஆராய்ந்து 'பூநகரி - தொல்பொருளாய்வு' என்னும் நூலை 1993இல் வெளியிட்டார். தென்னிந்தியப் பெருங்கற்காலக் குடியிருப்புகளிற் கிடைப்பன போன்ற கறுப்பு சிவப்பு மட்கல ஓடுகள் இங்கும் கிடைக்கின்றன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரும் இங்கு யாரோ ஒரு தாய் அக்கலத்திலே சோறு ஆக்கினாள்; அவளுடைய பிள்ளைகளும் வளர்ந்து எங்கோ சென்றிருப்பர். அந்நூல் வெளிவந்த அதே 1993ஆம் ஆண்டின் கார்த்திகையில் பூநகரிப் படைமுகாமிலே கடும்போர் நடந்தது. 2008ஆம் ஆண்டில் போர் மீண்டும் நெருங்கியபோது இவ்வூர் மக்கள் உடைமைகளை விட்டுக் கிழக்கே இடம்பெயர்ந்தனர். அவ்வாண்டு கார்த்திகை நடுப்பகுதியில் இராணுவம் பூநகரியைக் கைப்பற்றியது. இடம்பெயர்ந்தோர் 2009 வைகாசி வரை இடத்துக்கு இடம் ஓடி, செட்டிகுளத்து முகாம்களிலே தங்கி, பின்னரே மீண்டனர். வீடுகள் வெறுமையாதல் என்பதன் முழுப்பொருளை அறிந்த ஊர் இது.

நான் கற்பிக்க வந்த காலத்தில் கூரையிழந்த வீடுகளே வழியெங்கும் நின்றன. மாணவரில் ஒருத்தி, மிகுந்த கெட்டிக்காரி, இன்று முழங்காவிற் பக்கத்திலே மணமுடித்து முன்பள்ளி ஆசிரியையாக இருக்கின்றாள். அவளுடைய தாயார் பூநகரியிலே தம் பழைய வளவில் தனியே வாழ்கின்றார். அவரைக் காணச் சென்றோம். வீட்டுக்குச் செல்லும் வழி ஒரு சிறு குளத்தின் கட்டின்மீது செல்கின்றது. மார்கழியிலே நீர் ததும்பித் தாமரை மலர்ந்து நிற்கும் குளம் அது. அன்று அதன் அடி வெடித்துக் கிடந்தது. நடுவே சிறிதளவு சேற்றுநீர். அதைச் சுற்றி மாடுகளும் கொக்குகளும்.

தாயார் எங்களைக் கண்டதும் எழுந்து வந்தார். "வாங்கோ ரீச்சர், வாங்கோ தம்பி! எவ்வளவு காலம்! பிள்ளையள் எங்கை?" என்றார்.

"படிக்கப் போட்டினம் அம்மா. இப்ப வீட்டிலை நாங்கள் ரெண்டு பேருந்தான்" என்றேன்.

பேச்சை மாற்ற எண்ணியவராய் என் கணவர், "குளம் இந்தமுறை அடியோடை வத்திப்போச்சே" என்றார்.

அம்மையார் சிரித்தார். "வத்திப்போச்செண்டு சொல்லாதேங்கோ தம்பி. வயலுக்குக் குடுத்துப்போட்டுக் கிடக்குது. மார்கழியிலை வந்து பாருங்கோ" என்றார்.

அவர் உவமை கூறவில்லை. தமக்குத் தெரிந்த நீர்ப்பாசனத்தைக் கூறினார். இரணைமடுவைப் போன்ற பெருங்குளம் இப்பகுதி வயல்களுக்கு இல்லை. பெரும்பாலும் வானமும் சிறு குளங்களுமே துணை. ஐப்பசி தொடக்கம் பெய்யும் மழையைக் குளம் ஏந்திக்கொள்ளும். மழை பின்வாங்கும் நாளில், கதிர் முற்றுமுன் பயிர் வாடாதபடி துருசு திறக்கப்படும். வாய்க்கால் வழியே நீர் வயலுக்குப் போகும். எஞ்சியது மாட்டுக்கும் மனிதருக்கும். தையிலும் மாசியிலும் நெல் வீட்டுக்கு வரும். ஆவணியில் குளத்தின் அடி தெரியும். நிறைந்தபடியே ஆண்டு முழுவதும் நிற்கும் குளம் ஒன்றிருந்தால், அது யாருக்கும் பயன்படாத குளமாகத்தான் இருக்கும். நிறைதலும் கொடுத்தலும் குறைதலும் மீண்டும் நிறைதலும் சேர்ந்தே குளம் என்னும் பெயருக்குப் பொருள் ஆகின்றன.

அம்மையார் கிணற்றடிக்கு அழைத்துச் சென்று ஒரு வாளி நீர் அள்ளித் தந்தார். "முதலிலை தண்ணியைக் குடியுங்கோ. இந்தப் பக்கத்திலை கன கிணறு உவராப் போச்சு. இது மட்டும் இன்னும் நல்ல தண்ணி. விடிய முதல் வாளி அள்ளேக்கை ஒருக்காக் கும்பிட்டுப்போட்டுத்தான் முகங் கழுவுவன்" என்றார். கடல்நீர் உட்புகுந்து கிணறுகள் உவராதல் பூநகரியின் நெடுநாட் குறை. குடிநீருக்குக் குடத்தோடு தொலைதூரம் செல்வோர் வாழும் ஊரில், வளவுக்குள் ஒரு நன்னீர்க் கிணறு இருத்தல் பெருஞ்செல்வமே. நான் குடித்த நீரும் இனித்தது. சற்றுப் பொறுத்து அவரே தொடர்ந்து, "அவனுக்கும் இந்தக் கிணத்துத் தண்ணியெண்டால் நல்ல விருப்பம்" என்றார்.

அவன் என்றது அவருடைய மூத்த மகனை. 2009ஆம் ஆண்டிலே காணாமற் போனவன். உயிரோடிருக்கின்றான் என்பதற்கும் செய்தியில்லை. இல்லை என்பதற்கும் செய்தியில்லை. அவர்போன்ற தாய்மார் பலர் இம்மாவட்டத்திலே உளர். 2017ஆம் ஆண்டு மாசி மாதம் 20ஆம் திகதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலின் முன்றிலிலே, தம் பிள்ளைகள் எங்கே என்ற ஒரே வினாவோடு உறவினர் தொடர் போராட்டத்தைத் தொடங்கியதை வாசகர் அறிவர். அவ்வினாவுக்கு விடை கிடைக்காமலே கண்மூடிய பெற்றோரும் பலர்.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாகக் கூற வேண்டும். பிறர் துயரம் பெரிது, ஆகவே நம் துயரம் சிறிது என்று ஒப்பிட்டு ஆறுதல் கொள்வது நன்றியுணர்வு ஆகாது. அது மற்றொருவர் கண்ணீரிலே நம் முகத்தைக் கழுவிக்கொள்வது போன்றது. அத்தாயின் துயரம் எங்கள் ஆறுதலுக்காக ஏற்பட்டதன்று. அதற்கு வேண்டியது நீதியும் விடையும். அவரிடமிருந்து நான் கற்றுக்கொள்ள விரும்பியது வேறு. இத்துணைப் பெரிய வெறுமையோடு வாழும் ஒருவர், விடியற்காலை வாளியின் முன்னே கைகூப்புகின்றார். அவர் துயரத்தை மறந்தவரல்லர், கிணற்றையும் மறவாதவர். இரண்டையும் ஒரே நெஞ்சிலே வைத்திருக்க இயலும் என்பதை நான் அங்கே கண்டேன்.

நண்பகலிலே மொட்டைக்கறுப்பன் அரிசிச் சோறும், மீன்குழம்பும், முருங்கையிலை வறையும் தந்தார். பூநகரி மொட்டைக்கறுப்பன் யாழ்ப்பாணத்தவர் விரும்பித் தேடும் செந்நிற அரிசி. சோறு கொதிக்கும்போதே அதன் மணம் முற்றத்துக்கு வந்துவிடும். முற்றத்துக்கு அப்பால் உள்ள வயலிலே ஒருவர் புழுதி கிளம்ப உழுதுகொண்டிருந்தார். மழைக்கு இன்னும் பல வாரங்கள் உள. ஆயினும் இங்குள்ளோர் வரண்ட நிலத்தை உழுது, புழுதியிலேயே விதைத்துவிட்டு வானத்தை நம்பி இருப்பர். விதையைக் கையிலேயே பொத்தி வைத்திருந்தால் அது பத்திரமாக இருக்கும், ஆனால் நெல்லாகாது. பிள்ளைகளைத் தூரதேசத்துக்கு அனுப்பும் பெற்றோர் இவ்வுழவரிடம் கற்க வேண்டியது அதிகம். விடைபெறும்போது இரண்டு சுண்டு அரிசியும், காலையில் விழுந்த ஒரு பனம்பழமும் எங்கள் பையிலே வந்து சேர்ந்தன. மறுக்க இடந்தரவில்லை.

பிற்பகலில் கௌதாரிமுனைக்குச் சென்றோம். கௌதாரிப் பறவையின் பெயரைத் தாங்கிய அந்நிலமுனையிலே மணல் குன்றுகளாய்க் குவிந்து கிடக்கின்றது. காற்று ஒவ்வொரு நாளும் அம்மணலிலே புதுக் கோலம் இடுகின்றது. ஒருபுறம் திறந்த கடல், மறுபுறம் கடனீரேரி. வடக்கே நோக்கினேன். நீருக்கு அப்பால் மெல்லியதொரு கருங்கோடாகத் தெரிந்தது எங்கள் யாழ்ப்பாணம். இத்துணைக் காலமும் நான் நின்ற கரை இப்பொழுது அக்கரையாயிற்று. பேராதனையிலிருந்தும் மொறட்டுவையிலிருந்தும் என் மக்கள் காணும் வீடும் இப்படித்தான் இருக்கும்: தொலைவிலே, ஆனால் நின்ற இடத்தில் நிலையாக. தொலைவு என்பது பிரிவு மட்டுமன்று. வீட்டின் வடிவத்தை முழுமையாகக் காண உதவும் இடமும் அதுவே.

சிறியனவற்றுக்கு நன்றி பாராட்டல் மனத்துக்கு நலம் தரும் என்பதை இன்றைய உளவியலாரும் ஆராய்ந்துள்ளனர். ராபர்ட் எமன்ஸ், மைக்கேல் மக்கலோ என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 2003ஆம் ஆண்டிலே வெளியிட்ட ஆய்வொன்றில், ஒரு பகுதி மாணவர் வாரந்தோறும் நன்றிக்குரிய விடயங்களை ஐந்து வரை குறித்து வந்தனர். மற்றொரு பகுதியினர் தம் தொல்லைகளைக் குறித்தனர். பத்து வாரங்களின் பின், நன்றிக்குரியவற்றைக் குறித்தோரே தம் வாழ்வைப் பற்றி அதிக நிறைவோடு கூறினர். வள்ளுவர் செய்ந்நன்றியறிதலுக்குத் தனியதிகாரம் வகுத்த மொழியிலே வாழும் நமக்கு இது புதுமையன்று. ஆயினும் 'எழுதி வைத்தல்' என்னும் சிறு பயிற்சி நமக்கும் ஏற்றதே. பூநகரியிலிருந்து மீண்டபின் நானும் ஒரு பழைய அப்பியாசக் கொப்பியிலே நாள்தோறும் ஓரிரு வரி எழுதி வருகின்றேன். கறிவேப்பிலை துளிர்த்தமை, என் கணவர் பதினைந்து ஆண்டுகளின் பின் வயலினை எடுத்துத் தூசு தட்டியமை, இரவு எட்டு மணிக்கு மகளின் குரல், பனங்காய்ப் பணியாரம் நன்றாக அமைந்தமை, பக்கத்து வீட்டுச் சிறுமி கணக்குக் கேட்டு வந்தமை. இவற்றுள் ஒன்றேனும் செய்தித்தாளில் வரத்தக்கதன்று. ஆனால் ஒரு வீட்டின் நாள் இவற்றாலேயே ஆகின்றது.

வெறுமை முற்றாக நீங்கிவிட்டது என்று நான் கூறவில்லை. மாலை ஐந்து மணிக்குக் காது இன்னும் படலையை நோக்கித்தான் திரும்புகின்றது. அது திரும்புவதிலும் ஓர் இன்பம் உண்டு. எதிர்பார்ப்பதற்கு நமக்கு ஆட்கள் இருக்கின்றார்கள் என்பதன் சான்று அது.

இதனை வாசிக்கும் மாணவச் செல்வங்களுக்கு ஒரு சொல். உங்கள் பெற்றோருக்குப் பெரும் பரிசுகள் வேண்டா. இன்று என்ன சாப்பிட்டீர்கள், யாரோடு சிரித்தீர்கள், எங்கு மழை பெய்தது என்பவற்றைச் சொல்லுங்கள். அச்சிறு செய்திகளே அவர்களுக்கு விருந்து. பிள்ளைகளை அனுப்பிவிட்டு இருக்கும் பெற்றோருக்கும் ஒரு சொல். விடுமுறை நாளொன்றிலே கையில் ஒரு போத்தல் நீரோடும், அவசரமில்லாத மனத்தோடும் சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து செல்லுங்கள். மார்கழியிலே சென்றால் நிறைந்த குளத்தைக் காண்பீர்கள். ஆவணியிலே சென்றால் கொடுத்து முடித்த குளத்தைக் காண்பீர்கள். எப்பருவத்திற் சென்றாலும், காண்பதற்கு அங்கே ஒன்றுமில்லை என்று கூறமாட்டீர்கள்.